காருக்கு நீட்டிப்பு வாரண்டி வாங்கலாமா: கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை

புதுக் கார் வாங்குபவர் வண்டியின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்; நீட்டிப்பு வாரண்டி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய அவருக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ஐந்தே நிமிடம். கடன் பத்திரம், காப்பீட்டுப் படிவம், பதிவுக்கான விண்ணப்பம் என்று கையெழுத்துமேல் கையெழுத்தாகப் போட்டுக்கொண்டிருக்கும்போது, "இதையும் சேர்த்துவிடலாமா?" என்று விற்பனையாளர் இன்னொரு தாளை நீட்டுவார். காரின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தத் தொகை சிறிதாகத் தெரியும். மாதத் தவணையாகப் பிரித்துச் சொன்னால் இன்னும் சிறிதாகத் தெரியும். அந்தத் தாளில் என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும், எந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும் என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த ஒப்பந்தத்தை வாங்கும் பெரும்பாலானோருக்குப் போட்ட பணம் திரும்பி வராது. சராசரிப் பழுதுச் செலவு, அலுவலக நிர்வாகம், விற்றுக் கொடுப்பவருக்கான கமிஷன், இலாபம் ஆகிய நான்கையும் கூட்டித்தான் அதன் விலையை வைக்கிறார்கள் என்பதால், அது அப்படித்தான் இருக்க முடியும். அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் முன்பு நடத்திய ஒரு கணக்கெடுப்பில், இத்தகைய ஒப்பந்தம் வாங்கியவர்களில் 55 விழுக்காட்டினர் அதை ஒருமுறைகூடப் பழுதுக்குப் பயன்படுத்தவில்லை என்று தெரியவந்தது. ஆகவே இலாபமா நட்டமா என்று கேட்டால் விடை எளிது, நட்டம்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு. எஞ்சினோ கியர்பாக்ஸோ ஒரே நாளில் கைவிட்டால், அந்தச் செலவை உங்கள் கையிருப்பு தாங்குமா? தாங்கும் என்றால் இந்த ஒப்பந்தம் உங்களுக்குத் தேவைப்படாது. தாங்காது என்றால், அந்த ஒரு பெரிய அடியை அது உண்மையாகவே தடுக்குமா என்று வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

எது வாரண்டி, எது வாரண்டி அன்று

உற்பத்தியாளர் காரின் விலையோடு சேர்த்துத் தரும் வாரண்டி முடிந்த பிறகு, குறிப்பிட்ட பாகங்கள் தாமாகப் பழுதடைந்தால் அவற்றைச் சரிசெய்யும் அல்லது மாற்றும் செலவை ஏற்பதாக ஒரு நிறுவனம் எழுதிக் கொடுப்பதே நீட்டிப்பு வாரண்டி. இதில் "தாமாக" என்ற சொல்லில்தான் பாதி வழக்குகள் தங்கியிருக்கின்றன. மோதல், திருட்டு, தீ, வெள்ளம், எலி கடித்த வயர் ஆகியவை வெளியிலிருந்து வருபவை. அவை காப்பீட்டின் பொறுப்பு. ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது, வீல் அலைன்மென்ட் பார்ப்பது ஆகியவை பராமரிப்பு. அவற்றுக்கென முன்பணம் கட்டும் சர்வீஸ் திட்டங்கள் தனியே விற்கப்படுகின்றன. மூன்றையும் ஒரே பொட்டலமாக்கிப் பேசும் விற்பனையாளரிடம், ஒவ்வொன்றின் விலையையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

காப்பீட்டுக்கும் வாரண்டிக்கும் நடுவே விழும் பழுதுகளும் உண்டு. தேங்கிய நீரில் ஓட்டிச் சென்று, எஞ்சினுக்குள் நீர் புகுந்து, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெளிக் காரணத்தால் வந்த சேதம் என்று வாரண்டி தருபவர் ஒதுங்கிக்கொள்வார். எஞ்சினின் உட்பாகச் சேதத்துக்குத் தனிக் கூடுதல் காப்பு எடுத்திருக்கிறீர்களா என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கக்கூடும். நீட்டிப்பு வாரண்டி இருக்கிறதே என்ற தைரியத்தில் அந்தக் கூடுதல் காப்பை எடுக்காமல் விட்டவர் இரண்டு பக்கமும் கதவு சாத்தப்பட்டு நிற்பார்.

பணம் கொடுக்காமலே கிடைக்கும் பாதுகாப்புகளை முதலில் கழித்துக்கொள்ளவும் வேண்டும். பாதுகாப்புக் குறைபாட்டுக்காக உற்பத்தியாளர் வண்டிகளைத் திரும்ப அழைத்தால், வாரண்டி முடிந்திருந்தாலும் அந்தப் பாகத்தை இலவசமாக மாற்றித் தருவது வழக்கம். துரு அரித்து உலோகத்தில் ஓட்டை விழுவதற்கு எதிரான வாரண்டி, மற்றப் பாகங்களுக்கான வாரண்டியைவிட நீண்ட காலத்துக்குத் தனியே எழுதப்பட்டிருப்பதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுப் பொருளை விற்பவர் குறைந்தது 2 ஆண்டுகளுக்குக் குறைபாட்டுக்குப் பொறுப்பு என்று சட்டமே சொல்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே உரிமையானதை இன்னொரு முறை விலைக்கு வாங்காதீர்கள்.

பட்டியலைப் பின்னிருந்து படியுங்கள்

ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எஞ்சின், கியர்பாக்ஸ், ஏ.சி., ஸ்டீரிங், மின்சாதனங்கள் என்று அடங்கும் பாகங்கள் பெரிய எழுத்தில் இருக்கும். அதைக் கடைசியாகப் படித்தால் போதும். பின்பக்கத்தில் "இவ்வொப்பந்தம் கீழ்க்கண்டவற்றுக்குப் பொருந்தாது" என்று தொடங்கும் பகுதிதான் நீங்கள் வாங்கும் பொருளின் உண்மையான அளவு.

இவ்வொப்பந்தங்களை இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஒன்று, அடங்கும் பாகங்களைப் பெயர் சொல்லி அடுக்குவது. அதில் பெயர் இல்லாத பாகம் எதுவும் கிடையாது. மற்றொன்று, அடங்காதவற்றை மட்டும் அடுக்கிவிட்டு, மீதி எல்லாம் உண்டு என்பது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், ஒரு காரில் பல்லாயிரம் பாகங்கள் இருப்பதை நினைத்தால் வேறுபாடு விளங்கும். முதல் வகையில் "ஸ்டீரிங் ராக்" என்று எழுதியிருந்தால், அதன் நுனியில் இருக்கும் டை ராடு பட்டியலில் உண்டா என்று நீங்கள்தான் தேட வேண்டும். இரண்டாம் வகையில், அது இல்லை என்று காட்ட வேண்டியவர் வாரண்டி தருபவர். விலை சற்றுக் கூடினாலும் இரண்டாம் வகையே மேல் என்பது என் எண்ணம். எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் ஆகியவற்றுக்கு மட்டும் பொருந்தும் மலிவான மூன்றாவது வகையும் உண்டு. தற்காலக் கார்களில் இந்த மூன்றைவிட சென்சார்களும் திரைகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுமே அதிகம் தொல்லை கொடுக்கின்றன என்றாலும், பெரிய அடிக்கு மட்டும் பாதுகாப்புத் தேடுபவருக்கு அதுவே போதலாம்.

எந்த வகையானாலும் அடங்காதவை என்று சில உண்டு. பிரேக் பேட், கிளட்ச் தட்டு, டயர், வைப்பர் பிளேடு, பல்பு, ஸ்பார்க் பிளக், ஃபில்டர்கள், ஆயில்கள், பெல்ட்டுகள், கண்ணாடி, பெயின்ட், இருக்கைத் துணி, உள்ளிருந்து வரும் கடகட ஒலி ஆகியவை ஏறத்தாழ எல்லா ஒப்பந்தங்களிலும் விலக்கப்பட்டிருக்கும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. சிக்கல் தொடங்குவது, தேயும் பாகமா உடைந்த பாகமா என்று சொல்ல முடியாத இடங்களில்தான். பிஸ்டன் ரிங் மெல்ல மெல்லத் தேய்ந்து எஞ்சின் ஆயிலைக் குடிக்கத் தொடங்கினால் அது பழுதா, தேய்மானமா? வீல் பேரிங் இரையத் தொடங்கினால்? ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்தால்? "திடீரென ஏற்படும் இயந்திரப் பழுது" மட்டும் என்று எழுதிய ஒப்பந்தத்தில் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இடமிராது. "தேய்மானத்தால் ஏற்படும் செயலிழப்பும் அடங்கும்" என்று வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தால் அந்த ஒரு வரிக்கே தனி மதிப்பு உண்டு.

ஒரு சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். நான்காம் ஆண்டில் ஒரு காலை, என் கார் நின்றிருந்த தரையில் வெளிர்சிவப்பு நிறத்தில் உலர்ந்த கறை ஒன்று தெரிந்தது. பானட்டைத் திறந்தால் லேசான இனிப்பு வாசனை. கூலன்ட் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. வாட்டர் பம்ப் கசிகிறது என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். பம்ப் என் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்ததால் நிம்மதியாக வீடு திரும்பினேன். இரண்டு நாள் கழித்துக் கையில் கொடுத்த பில்லில், பம்பின் விலைக்கு நேராகவும் அதை மாற்றிய கூலிக்கு நேராகவும் சுழி இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஊற்றிய கூலன்ட், கூலன்டில் ஊறிப்போனதால் மாற்றிய டிரைவ் பெல்ட், இரண்டு ஹோஸ் கிளிப், சீலன்ட், துப்புரவுப் பொருள் என்று வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நேராகச் சுழி இல்லை. மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நான் கட்டினேன். எவரும் என்னை ஏமாற்றவில்லை. "அடங்கும் பாகத்தை மாற்றும்போது தேவைப்படும் திரவங்களும் துணைப்பொருள்களும்" என்ற வரி ஒப்பந்தத்தில் விலக்குப் பகுதியில் இருந்தது; நான்தான் அதுவரை அதைப் படித்திருக்கவில்லை.

அன்றிலிருந்து எந்த ஒப்பந்தத்தைப் பார்த்தாலும் நான்கு இடங்களை முதலில் தேடுகிறேன். பாகங்களின் இணைப்பில் கசிவைத் தடுக்கும் சீல்களும் கேஸ்கெட்டுகளும் தனியாகக் கசிந்தாலும் அடங்குமா, அல்லது அடங்கும் பாகத்தோடு சேர்த்து மாற்றினால் மட்டும்தானா என்பது ஒன்று. பழுதைக் கண்டுபிடிப்பதற்காக எஞ்சினையோ கியர்பாக்ஸையோ பிரித்துப் பார்க்கும் கூலியை யார் தருவார், கோரிக்கை மறுக்கப்பட்டால் அந்தக் கூலி யார் தலையில் விழும் என்பது இரண்டாவது. அடங்காத பாகம் உடைந்து அடங்கும் பாகத்தைக் கெடுத்தால் என்ன ஆகும் என்பது மூன்றாவது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு டைமிங் பெல்ட். உற்பத்தியாளர் சொன்ன கிலோமீட்டருக்குள் மாற்றாமல் விட்ட பெல்ட் அறுந்தால், பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டன்மீது மோதி எஞ்சினே வீணாகிவிடும். பெல்ட் பராமரிப்புப் பொருள், மாற்றாதது உரிமையாளரின் தவறு என்று சொல்லி முழுக் கோரிக்கையையும் தள்ளிவிடுவார்கள். ஒவ்வொரு பழுதுக்கும் உச்சவரம்பு எவ்வளவு என்பது நான்காவது. சில ஒப்பந்தங்களில் மொத்தக் கோரிக்கையின் வரம்பு, பழுதான நாளில் அந்தக் காரின் சந்தை மதிப்பாக இருக்கும். கார் பழசாக ஆக வரம்பும் சுருங்கும். பெரிய பழுது வரும் வாய்ப்போ கூடிக்கொண்டே போகும்.

ஒவ்வொரு பழுதின்போதும் நீங்கள் கட்ட வேண்டிய பங்குத் தொகை ஒன்று இருந்தால், அது பணிமனைக்கு வரும் ஒவ்வொரு முறைக்குமா அல்லது ஒவ்வொரு பாகத்துக்குமா என்றும் கேளுங்கள். ஒரே வருகையில் மூன்று பாகங்கள் பழுது என்றால் இந்த ஒரு சொல் தொகையை மும்மடங்காக்கிவிடும்.

பெயருக்குப் பின்னால் யார்

உற்பத்தியாளரே தரும் நீட்டிப்பு என்றால், அதே நிறுவனத்தின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கும் வண்டியைக் கொண்டுபோகலாம்; அசல் பாகங்கள் போடப்படும்; பில் உங்கள் கைக்கு வராமலே தீர்ந்துவிடும். டீலர் தன் பெயரில் விற்பது வேறு. அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காப்பீட்டு நிறுவனமோ நிர்வாக நிறுவனமோ இருக்கும். ஷோரூமின் பெயர்ப்பலகையில் இருக்கும் கார் நிறுவனத்துக்கும் அந்த ஒப்பந்தத்துக்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். மூன்றாவதாக, எந்த டீலரோடும் சேராமல் நேரடியாக விற்கும் நிறுவனங்கள் உண்டு. முதலில் நீங்கள் பணிமனைக்குப் பணம் கட்டிவிட்டுப் பின்னர் திரும்பப் பெறும் ஏற்பாடு இவற்றில் அதிகம். வாங்கிய பின் குறிப்பிட்ட நாள்களோ கிலோமீட்டரோ கடந்த பிறகே கோரிக்கை வைக்கலாம் என்ற காத்திருப்புக் காலமும் இருக்கும்.

ஒப்பந்தத்தில் "பழுதுக்குப் பணம் தரும் சட்டப் பொறுப்பு எவருடையது" என்ற வரியைத் தேடி, அங்கிருக்கும் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் கடையை மூடிவிட்டால் அந்தப் பெயர் ஒன்றே உங்களுக்கு மிஞ்சும். அந்தப் பெயரும் விற்றவரின் பெயரும் ஒன்றாகவே இருந்து, பின்னால் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் நிற்கவில்லை என்றால், நான் விலகிவிடுவேன்.

"உங்கள் வாரண்டி முடியப்போகிறது, இதுவே கடைசி வாய்ப்பு" என்று தொலைபேசியிலோ கடிதத்திலோ அவசரப்படுத்தும் எவரிடமும் வாங்க வேண்டாம். விளம்பரத்தில் சொன்னதற்கும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததற்கும் பொருத்தமில்லை என்ற குற்றச்சாட்டின்பேரில், 2024 ஜூலையில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தோடு இத்துறையின் பெரிய நிறுவனம் ஒன்று 1 கோடி டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. பெரிய விளம்பரம் நல்ல ஒப்பந்தத்துக்கு அடையாளமாகாது.

கணக்குப் போடும் முறை

முதலில் காலத்தைச் சரியாக அளவிடுங்கள். "5 ஆண்டு வாரண்டி" என்று விற்கப்படுவதில் முதல் 3 ஆண்டுகள் உற்பத்தியாளர் ஏற்கெனவே தந்தவையாக இருந்தால், நீங்கள் விலை கொடுப்பது 2 ஆண்டுகளுக்குத்தான். அந்த இரண்டும் உங்களுக்கு முழுதாகக் கிடைக்குமா என்பது கிலோமீட்டரைப் பொறுத்தது. ஆண்டு, கிலோமீட்டர் ஆகிய இரண்டில் எது முதலில் வருகிறதோ அதோடு ஒப்பந்தம் முடிந்துவிடும். அடிப்படை வாரண்டி 3 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ., நீட்டிப்பு 5 ஆண்டு அல்லது 1,20,000 கி.மீ. என்று கொள்வோம். ஆண்டுக்கு 30,000 கி.மீ. ஓட்டுபவர் மூன்றாம் ஆண்டு முடிவில் 90,000 கி.மீ. தொட்டிருப்பார், நான்காம் ஆண்டு முடிவில் 1,20,000 கி.மீ. ஆகிவிடும். இரண்டு ஆண்டுக்கு விலை கொடுத்து ஓராண்டுதான் பெறுகிறார். ஆண்டுக்கு 8,000 கி.மீ. மட்டுமே ஓட்டுபவருக்கு இரண்டு ஆண்டும் முழுதாகக் கிடைக்கும்; ஆனால் ஐந்தாம் ஆண்டு முடிவிலும் அவர் கார் 40,000 கி.மீ.தான் ஓடியிருக்கும் என்பதால், எஞ்சினும் கியர்பாக்ஸும் பெரிதாகத் தேய்ந்திராது. ரப்பர் ஹோஸ்கள், ஏ.சி. அமைப்பு, மின்னணுப் பாகங்கள் போன்றவை ஓட்டத்தைவிட வயதால் கெடுபவை. அவை பட்டியலில் இருந்தால் அவருக்கு ஓரளவு பயனுண்டு.

அடுத்து, அந்த ஆண்டுகள் காரின் வாழ்வில் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். இயந்திரங்களின் பழுதுகளை வரைபடமாக்கினால் கிடைக்கும் வடிவத்தைப் பொறியாளர்கள் குளியல் தொட்டி வளைவு என்பார்கள். தயாரிப்புக் குறை உள்ள பாகங்கள் தொடக்கத்திலேயே கெட்டுவிடும். பிறகு நெடுங்காலம் பழுது குறைவாகத் தாழ்ந்து கிடக்கும். தேய்மானம் முற்றிய பிறகு மீண்டும் மேலேறும். தொடக்க மேட்டை உற்பத்தியாளரின் வாரண்டி கவனித்துக்கொள்கிறது. நான்காம், ஐந்தாம் ஆண்டுகள் பெரும்பாலும் தாழ்ந்த தரையில் விழுபவை. வளைவு மேலேறும் ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் கேட்டால் ஒன்று விலை எகிறும், அல்லது பட்டியல் சுருங்கும். இத்தொழிலை நடத்துபவர்களும் இந்த வளைவைப் படித்தவர்கள்தாம்.

மூன்றாவது, வகுத்தல். உங்கள் மாடலின் கியர்பாக்ஸ், டர்போசார்ஜர், ஏ.சி. கம்ப்ரசர், எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றை மாற்றக் கூலியோடு என்ன ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் கேளுங்கள், கேட்டால் தருவார்கள். ஒப்பந்தத்தின் விலையை அந்தச் செலவால் வகுத்துப் பாருங்கள். ஒப்பந்தம் 100 பங்கு, கியர்பாக்ஸ் மாற்றம் 600 பங்கு என்றால் விடை ஆறில் ஒன்று. அந்த இரண்டு ஆண்டுக்குள் ஆறு கார்களில் ஒன்றுக்கு அத்தகைய பழுது வந்தால்தான் வாங்குபவர்களுக்குக் கணக்கு நேராகும் என்று இதற்குப் பொருள். உங்கள் மாடலில் அவ்வளவு கார்கள் அந்த வயதில் கெடுகின்றனவா? கெடுகின்றன என்று அதே காரை நான்கைந்து ஆண்டுகள் ஓட்டியவர்களும் வெளி மெக்கானிக்குகளும் சொன்னால், ஒப்பந்தத்தை வாங்குவதைவிட அந்தக் காரை வாங்காமலிருப்பது நல்ல யோசனை. சிறு பழுதுகளும் கணக்கில் சேருமே என்று கேட்கலாம். சேரும், ஆனால் அவற்றை உங்கள் மாதச் செலவிலேயே தாங்கிக்கொள்ள முடியும், அதற்கு ஒப்பந்தம் வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தின் விலையைக் கார் கடனோடு சேர்த்துவிட்டால், நான்காம் ஆண்டில் தொடங்கப்போகும் ஒன்றுக்கு முதல் மாதத்திலிருந்தே வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள் என்பதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான உற்பத்தியாளர்கள் அடிப்படை வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் நீட்டிப்பை வாங்கிக்கொள்ள இடம் தருகிறார்கள். தாமதித்தால் விலை சற்று ஏறும். எவ்வளவு ஏறும் என்று கேட்டு, அதைக் கடன் வட்டியோடு ஒப்பிடுங்கள். வாரண்டிக் காலத்திலேயே கார் எத்தனை முறை பணிமனை ஏறியது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பது காத்திருப்பதில் கிடைக்கும் கூடுதல் நன்மை. ஏ.சி.யும் மின்னணுவும் மூன்று ஆண்டில் மூன்று முறை பார்க்கப்பட்டிருந்தால், அந்தக் கார் தானே விடை சொல்லிவிட்டது.

யாருக்குப் பொருந்தும்

டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், டர்போ, காற்று சஸ்பென்ஷன், ரேடாரும் கேமராவும் கொண்ட ஓட்டுநர் உதவி அமைப்புகள் ஆகியவை உள்ள காரை, வாரண்டி முடிந்த பிறகும் மூன்று நான்கு ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறவர், கையில் பெரிய சேமிப்பு இல்லாதவர், காரில்லாமல் ஒரு வாரம்கூட வேலைக்குப் போக முடியாதவர் ஆகியோருக்கு உற்பத்தியாளர் தரும் நீட்டிப்பு நியாயமான செலவு. மூன்றே ஆண்டில் காரை மாற்றிவிடுபவருக்கு அது வீண். ஆனால் ஒப்பந்தம் அடுத்த உரிமையாளருக்கு மாறத்தக்கதாக இருந்தால் விற்கும்போது ஓரளவு பயன்படும். மேனுவல் கியரும் எளிய பெட்ரோல் எஞ்சினும் கொண்ட, உதிரிபாகங்கள் எங்கும் கிடைக்கிற சிறு காருக்கு நான் வாங்க மாட்டேன். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைத்து, பழுது வந்தால் எடுத்துக்கொள்வேன். வராவிட்டால் அது என்னிடமே இருக்கும்.

மின்சாரக் காருக்குக் கணக்கு மாறும். விலை மிகுந்த பாகமான பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வரை தனி வாரண்டி தந்துவிடுகின்றன. கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் சரிசெய்து தருவதும் அதில் பெரும்பாலும் அடங்கும். ஆகவே "பேட்டரி போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு நீட்டிப்பு விற்பவரிடம், பேட்டரியைத் தவிர வேறென்ன அடங்கும் என்று திருப்பிக் கேளுங்கள். மோட்டார், இன்வெர்ட்டர், காருக்குள்ளேயே இருக்கும் சார்ஜர், பேட்டரியின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு ஆகிய நான்கும் பட்டியலில் இருந்தால்தான் அது பேசத்தக்க ஒப்பந்தம்.

பழைய கார் வாங்கும்போது தரப்படும் வாரண்டியில், ஒப்பந்தத்துக்கு முன்பே இருந்த பழுது அடங்காது என்ற வரி ஏறத்தாழ எப்போதும் உண்டு. முன்பே இருந்ததா, பின்பு வந்ததா என்பதை முடிவு செய்பவர் வாரண்டி தரும் நிறுவனம் அனுப்பும் பரிசோதகர். வாங்குவதற்கு முன் உங்களுக்கு வேண்டிய மெக்கானிக்கைக் கொண்டு காரைச் சோதித்து, எழுத்தில் ஓர் அறிக்கை வாங்கி வைப்பது அந்த வாதத்தில் உங்களுக்குக் கைகொடுக்கும்.

கோரிக்கை மறுக்கப்படும் இடங்கள்

மறுப்புக்குச் சொல்லப்படும் காரணங்களில் முதலிடம் சர்வீஸ் பதிவேட்டுக்குத்தான். நான் முன்பு சொன்ன வாட்டர் பம்ப் விவகாரத்தில், பம்பைப் பார்ப்பதற்கு முன்பே சர்வீஸ் அட்வைசர் திரையில் என் பழைய சர்வீஸ் தேதிகளைத் திறந்துவைத்து, பேனா முனையால் மேசை நாள்காட்டியில் நாள்களை எண்ணினார். இரண்டாம் ஆண்டு சர்வீஸ் 26 நாள் பிந்தியிருந்தது. ஒப்பந்தம் 30 நாள் வரை பொறுத்துக்கொண்டது. ஐந்து நாள் கூடப் பிந்தியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். குறைவாக ஓட்டுபவர்கள் இதில் எளிதில் மாட்டிக்கொள்கிறார்கள். இன்னும் கிலோமீட்டர் ஆகவில்லையே என்று ஆயில் மாற்றாமல் விடுவார்கள், சர்வீஸ் அட்டவணையிலோ "10,000 கி.மீ. அல்லது ஓராண்டு" என்பதுபோல இரண்டு அளவும் இருக்கும்.

வெளிப் பணிமனையில் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டத்தின்படி, உற்பத்தியாளர் தம் வாரண்டிக்கு இன்ன நிறுவனத்தின் பாகத்தையோ சர்வீஸையோதான் பயன்படுத்த வேண்டும் என்று பொதுவாக நிபந்தனை போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டி விதிகளும் இதே போக்கிலானவை. ஆனால் நீங்கள் தனியே விலை கொடுத்து வாங்கும் நீட்டிப்பு ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் வேறாக இருக்கலாம் என்பதால், அதில் எழுதியிருப்பதையே பாருங்கள். எங்கே செய்தாலும், போட்ட ஆயிலின் தரக் குறியீடு, ஃபில்டரின் பாக எண், அன்றைய ஓடோமீட்டர் அளவு ஆகியவை பில்லில் இருக்க வேண்டும்.

எஞ்சின் மென்பொருளை மாற்றித் திறன் கூட்டுவது, பெரிய டயர் போடுவது, வயரை வெட்டிக் கூடுதல் விளக்குகளும் ஆம்ப்ளிஃபயரும் பொருத்துவது, வெளியில் எரிவாயு கிட் மாட்டுவது, சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுவது ஆகியவையும் மறுப்புக்குக் கதவு திறப்பவை. எல்லாவற்றிலும் பரிதாபமானது, எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியது. வெப்பநிலை விளக்கு சிவந்தபின் பத்து கிலோமீட்டர் ஓட்டி வீடு சேர்ந்தவரின் சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டால், கசிந்த ஹோஸ் அடங்கும், வளைந்த ஹெட் அடங்காது என்ற நிலை வரும். எந்த நிமிடத்தில் எவ்வளவு சூடானது என்ற விவரம் பல கார்களின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிந்திருக்கும். விளக்கைக் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

வாங்கிய பின்

ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம் என்று பார்த்து, அதற்குள் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் அந்த நாள்களுக்குள் முழுத் தொகையையும் திரும்பப் பெறலாம் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. பின்னாளில் காரை விற்றாலோ கார் முழுச் சேதமானாலோ, மிச்சமிருக்கும் காலத்துக்கு ஏற்ற தொகை திரும்பக் கிடைக்குமா என்றும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் என்று எழுதியிருந்தும் கேட்காமலே விட்டுவிடுபவர்கள் உண்டு.

பழுது வந்தால், வேலையைத் தொடங்கச் சொல்வதற்கு முன் ஒப்புதல் வாங்குங்கள். முன் ஒப்புதல் இல்லாமல் பிரித்த எஞ்சினுக்குப் பணம் தர மாட்டோம் என்பது பொதுவான நிபந்தனை. ஒப்புதல் எண்ணையும் தேதியையும், செய்ய வேண்டிய வேலைகளைப் பணிமனை குறித்துவைக்கும் ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக வந்த மறுப்பு எழுத்துக்கு வரும்போது சில சமயம் மாறிவிடுகிறது. உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். வாரண்டி சற்றே முடிந்த நிலையில் வரும் பெரிய பழுதுகளில், முறையாகப் பராமரித்த காருக்கு நல்லெண்ண அடிப்படையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வது அவர்கள் வழக்கத்தில் உண்டு.

ஒப்பந்தம் முடிவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பு காரைத் தூக்கி நிறுத்தி முழுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் அடியில் ஈரம், கியர் மாறும்போது உதறல், திருப்பும்போது ஸ்டீரிங்கில் ஒலி, ஏ.சி. குளிர்வதில் தாமதம் என்று எது பட்டாலும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அட்வைசர் சொன்னாலும், அதை ஜாப் கார்டில் எழுதவைத்து ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் அடுத்த மாதமே கைவிட்டால், ஒப்பந்தம் உயிரோடிருந்த நாளிலேயே அதைப் பற்றி நீங்கள் புகார் சொன்னீர்கள் என்பதற்கு அந்த நகல்தான் ஆதாரம்.